ஜெட் ஸ்கிக்கு எந்த பில்ஜ் பம்ப்? என்ஜின் நின்ற பிறகு நடப்பதை வைத்து முடிவெடுங்கள்

ஜெட் ஸ்கிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்கள், பெரும்பாலும் மருந்தையும் தாங்களே முடிவு செய்துகொண்டுதான் வருகிறார்கள். "அண்ணே, ஆட்டோமேட்டிக் பில்ஜ் பம்ப் ஒன்னு போட்டுருங்க. சுவிட்ச்னா நான் மறந்துருவேன்." பில்ஜ் பம்ப் என்பது வண்டியின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியே இறைக்கும் சின்ன மின்சார பம்ப். ஆட்டோமேட்டிக் என்றால் தண்ணீர் சேர்ந்ததும் தானே ஓடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதற்கு முன்பே இந்தப் பேச்சு தொடங்கிவிடும். அதனால்தான் இதை எழுதுகிறேன். ஆட்டோமேட்டிக்கா, கையால் போடும் சுவிட்சா என்பது வசதியைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை. தவறாகத் தேர்ந்தெடுத்தால் பேட்டரி சாகும், சில நேரம் என்ஜினும் சேர்ந்து போகும்.

முதலில், உங்கள் வண்டியில் ஏற்கெனவே ஒரு ஏற்பாடு இருக்கிறது. சீ-டூ, யமஹா வேவ்ரன்னர் போன்ற பெரும்பாலான மாடல்களில் கம்பெனியே சைஃபன் குழாய் வைத்துத் தருகிறது. ஜெட் பம்பிலிருந்து தண்ணீர் வேகமாகப் பீய்ச்சி வெளியேறும்போது அந்த இடத்தில் அழுத்தம் குறையும். அங்கிருந்து ஒரு சிறிய ரப்பர் குழாய் வண்டியின் அடிக்கூட்டுக்குள் வரும். அழுத்தம் குறைந்த பக்கம் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். மோட்டார் இல்லை, வயர் இல்லை, பேட்டரி வேண்டாம். அருமையான ஏற்பாடுதான். ஆனால் வண்டி ஓரளவு வேகத்தில் ஓடினால்தான் வேலை செய்யும். என்ஜினை அணைத்த நொடியில் இதுவும் நின்றுவிடும்.

இந்தக் குழாய் உள்ளே ஒரு வளைவாக உயரே ஏறி இறங்கும். வளைவின் உச்சியில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். வண்டி நிற்கும்போது வெளித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி உள்ளே ஏறிவிடாமல் தடுப்பது அந்தத் துளைதான். உப்பும் மண்ணும் படிந்து அது அடைபட்டால், தண்ணீரை வெளியேற்ற வைத்த குழாயே தண்ணீரை உள்ளே கொண்டுவந்துவிடும். எந்தப் புதிய பம்பை வாங்குவதற்கு முன்பும் இந்தத் துளையையும், அடியில் இருக்கும் உறிஞ்சு முனையையும் சுத்தம் செய்து பாருங்கள். முட்டுக்காடு கழிமுகம் மாதிரி ஆழம் குறைந்த, மணல் கலங்கும் இடங்களில் ஓட்டுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் தொல்லை. இடுப்பளவு தண்ணீருக்குக் குறைவான இடத்தில் என்ஜினைப் போடாமல் இருந்தாலே இதில் பாதி குறையும்.

ஆக, மின்சார பில்ஜ் பம்ப் யாருக்கு வேண்டும்? என்ஜினை அணைத்துவிட்டு வண்டி தண்ணீரிலேயே கிடக்கும் நேரம் யாருக்கு அதிகமோ அவர்களுக்கு. இதை வைத்துத்தான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்ய வேண்டும்.

கரையிலிருந்து இறக்கி, அரை மணி நேரம் ஓட்டி, திரும்ப மணலில் ஏற்றி, பின்பக்கம் இருக்கும் இரண்டு டிரெயின் பிளக்கையும் கழற்றி வடியவிடுகிறவருக்கு சைஃபனே போதும். கூடுதல் பாதுகாப்புக்கு வேண்டுமானால் ஹேண்டிலுக்குப் பக்கத்தில் சுவிட்ச் வைத்த ஒரு சாதாரண பம்ப் போட்டுக்கொள்ளலாம். இவருக்கு ஆட்டோமேட்டிக் தேவையே இல்லை. வாடகைக்கு விடுகிறவர்களுக்கும் நான் இதையேதான் சொல்வேன். ஓட்டுகிற ஆள் மாறிக்கொண்டே இருந்தாலும், வண்டி ஒவ்வொரு முறையும் உங்கள் பையன்கள் கைக்குத்தானே திரும்பி வருகிறது?

தூண்டில் போடுகிறவர்கள் கதை வேறு. ஜெட் ஸ்கியில் மீன் பிடிக்கப் போவது பல நாடுகளில் பெரிய பொழுதுபோக்காகிவிட்டது. சீ-டூ 2019இல் இதற்கென்றே ஃபிஷ் ப்ரோ என்று ஒரு மாடலை விட்டது. மீன் பிடிக்கும்போது என்ஜினை அணைத்துவிட்டு நீரோட்டத்தில் மிதந்தபடி மணிக்கணக்கில் இருப்பார்கள். சைஃபன் வேலை செய்யாத நேரம் அதுதான். போதாக்குறைக்கு, தூண்டில் தாங்கிக்கும், மீன் இருக்கும் இடத்தைக் காட்டும் ஃபிஷ் ஃபைண்டர் கருவியின் வயருக்கும் வண்டியின் உடம்பில் நாலைந்து ஓட்டை போட்டிருப்பார்கள்.

அப்படி ஒரு வண்டி என் கைக்கு வந்தது. சீட்டைக் கழற்றிப் பார்த்தேன். என்ஜின் மவுண்ட்டுக்குக் கொஞ்சம் மேலே பழுப்பு நிறத்தில் ஒரு உப்புக் கோடு. அதற்குக் கீழே இரண்டு விரல் அகலத்தில் இன்னொரு கோடு, இன்னும் பழசு. தண்ணீர் ஒரே நாளில் வந்ததில்லை, மாதக்கணக்கில் வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது என்று அதைப் பார்த்தாலே தெரியும். ஃபிஷ் ஃபைண்டர் வயர் போகிற ஓட்டையைக் குளியலறை சிலிக்கானால் அடைத்திருந்தார்கள். அது ஃபைபரை விட்டு உரிந்து நின்றது. பம்ப் ஆட்டோமேட்டிக். அத்தனை மாதமும் அது சத்தமில்லாமல் இறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு துண்டு தங்கூஸ் நரம்பு, தண்ணீர் ஏறினால் மிதந்து எழும்பி பம்பை ஓடவைக்கும் ஃப்ளோட் சுவிட்ச்சின் கீலில் சுற்றிக்கொண்டு அதை மேலே எழும்ப விடவில்லை. அன்றைக்குத்தான் வண்டி நடுக்கடலில் அமிழ்ந்து நின்றது.

பக்கத்தில் வந்த மீனவர்கள் நல்ல மனதோடு ஃபைபர் போட்டில் கட்டி இழுத்து வந்திருக்கிறார்கள். கொஞ்சம் வேகமாகவே இழுத்திருக்கிறார்கள். என்ஜின் ஓடாமல் வேகமாக இழுத்தால், அடியில் இருக்கும் ஜெட் வாய் வழியாகத் தண்ணீர் குளிரூட்டும் குழாய்க்குள் ஏறி, எக்ஸாஸ்ட் நிறைந்து, சிலிண்டர் வரை போய்விடும். இழுத்து வர நேர்ந்தால் குளிரூட்டும் குழாயைக் கிளாம்ப் போட்டு நசுக்கிவிடுங்கள். அது முடியாவிட்டால் ஓட்டநடை வேகத்துக்கு மேல் இழுக்க விடாதீர்கள். இது பில்ஜ் பம்ப் விஷயம் இல்லைதான். ஆனாலும் பல என்ஜின்கள் மூழ்கியபோது அல்ல, மீட்கப்பட்டபோதுதான் போயிருக்கின்றன என்பதால் சொல்லிவைக்கிறேன்.

அந்த வண்டியில் தவறு எங்கே? ஆட்டோமேட்டிக் பம்ப் போட்டதில் இல்லை. மீன் பிடிக்கிறவருக்கு அது வேண்டியதுதான். பம்ப் எப்போது ஓடுகிறது என்று ஓட்டுகிறவருக்குக் காட்ட எதுவும் இல்லாததுதான் தவறு. டேஷ்போர்டில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு, பம்ப் ஓடும்போது மட்டும் எரிகிற மாதிரி போட்டிருந்தால், முதல் வாரத்திலேயே "இது ஏன் இவ்வளவு அடிக்கடி எரிகிறது?" என்று கேட்டிருப்பார். கையால் போடும் பம்பின் பெரிய நன்மை இதுதான். எவ்வளவு தண்ணீர் வந்தது, எத்தனை நேரம் இறைத்தது என்று உங்களுக்குத் தெரிந்தே ஆகும். ஆட்டோமேட்டிக்கில் அந்த நன்மையை நாம்தான் தனியாகச் சேர்க்க வேண்டும்.

கொஞ்சம் கணக்கும் பார்த்துவிடலாம். ஜெட் ஸ்கிக்குப் பலரும் போடுவது மணிக்கு 500 கேலன் என்று எழுதிய பம்ப். அமெரிக்க கேலன் கணக்கில் மணிக்கு ஏறக்குறைய 1,890 லிட்டர், நிமிடத்துக்கு 31 லிட்டர். பெட்டியில் போட்டிருக்கும் அந்த எண், தண்ணீரை மேலே ஏற்றாமல் தட்டையாகத் தள்ளினால் கிடைப்பது. அரை மீட்டர் உயரம், இரண்டு மூன்று வளைவு, என்ஜின் ஓடாததால் சற்றுக் குறைந்த வோல்ட்டேஜ் என்று எல்லாம் சேர்ந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர் வந்தாலே நல்லது என்று வைத்துக்கொள்வேன்.

இப்போது டிரெயின் பிளக்கை எடுத்துக்கொள்ளுங்கள். முக்கால் அங்குல ஓட்டை, நீர்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே. அதைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 லிட்டர் உள்ளே வரும். இரண்டு பிளக்கையும் மறந்துவிட்டால் 40. நிமிடத்துக்கு 20 லிட்டர் இறைக்கும் இந்த பம்ப் ஓடிக்கொண்டிருந்தாலும் நிமிடத்துக்கு 20 கிலோ எடை கூடிக்கொண்டேதான் இருக்கும். பம்ப் உங்களுக்குக் கரைக்குத் திரும்ப நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். பிளக்கை இறக்கும் முன் கையால் திருகிப் பார்க்கிற பழக்கத்துக்கு அது ஈடாகாது.

சின்னக் கசிவுக்கு வருவோம். டிரைவ் ஷாஃப்ட் அடிக்கூட்டைத் தாண்டி வெளியே போகும் இடத்தில் இருக்கும் சீல் தேய்ந்து, நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டோமேட்டிக் பம்ப் இருபது நிமிடத்துக்கு ஒரு நிமிடம் ஓடினால் சமாளித்துவிடும். பம்ப் ஓடும்போது 2.5 ஆம்பியர் என்றால், சராசரியாக 0.125 ஆம்பியர்தான். கேட்க ஒன்றுமில்லாத மாதிரி இருக்கிறது. ஆனால் ஜெட் ஸ்கி பேட்டரி சின்னது, பல மாடல்களில் 18, 20 ஆம்பியர் மணிதான். பாதி இறங்கினாலே ஸ்டார்ட்டர் இழுக்கத் திணறும். அந்தப் பாதி மூன்று நாளில் போய்விடும். முழுதும் தீர்ந்ததும் பம்ப் நிற்கும், கசிவு நிற்காது. திங்கட்கிழமை மிதக்கவிட்டுக் கட்டிவிட்டு ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறவர், கட்டிய கயிற்றில் தொங்கும் வண்டியைத்தான் பார்ப்பார். தண்ணீரிலேயே கட்டிவைக்கிறவர்களுக்கு ஆட்டோமேட்டிக் கட்டாயம் வேண்டும். கூடவே பேட்டரி சார்ஜுக்கு ஒரு வழியும், இரண்டு நாளுக்கு ஒருமுறை எட்டிப் பார்க்க ஆளும் வேண்டும். வடகிழக்குப் பருவமழை நேரத்தில் இப்படிக் கட்டிவைப்பதையே நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கரையேற்றிவிடுங்கள்.

ஆட்டோமேட்டிக்கிலும் வகைகள் உண்டு. வீட்டுத் தொட்டியில் இருப்பது மாதிரி மிதந்து எழும்பும் ஃப்ளோட் சுவிட்ச் ஒன்று. தண்ணீர் தொட்டால் உணரும் சென்சார் இன்னொன்று. சில நிமிடத்துக்கு ஒருமுறை தானே ஒரு நொடி ஓடிப் பார்த்து, தண்ணீர் இருந்தால் தொடரும் வகை மூன்றாவது. இந்த மூன்றாவது வகை, தண்ணீரே இல்லாவிட்டாலும் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும் என்பதால் ஜெட் ஸ்கிக்கு எனக்குப் பிடிப்பதில்லை. திறந்த ஃப்ளோட்டில் குப்பை சிக்கும். கூண்டுக்குள் மூடியிருக்கும் ஃப்ளோட், அல்லது சென்சார் வகை, இரண்டில் ஒன்றை எடுங்கள்.

நான் பொதுவாகப் போட்டுத் தருவது மூன்று நிலை சுவிட்ச். ஒரு பக்கம் ஆட்டோ, நடுவில் ஆஃப், இன்னொரு பக்கம் கையால் ஓட்டுவது. ஃப்ளோட் சிக்கினாலும் கையால் ஓட்டலாம். ஆட்டோவுக்கான இணைப்பு பேட்டரியிலிருந்து தனி ஃபியூஸோடு நேராக வர வேண்டும், சாவியோடு சேரக்கூடாது. சாவியை எடுத்ததும் பம்ப் செத்துவிட்டால் ஆட்டோ எதற்கு? ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று பம்போடு வரும் தாளில் இருக்கும். "அடிக்கடி போகிறது" என்று பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் விசிறியில் ஏதோ சிக்கியிருப்பதைத்தான் அது உங்களிடம் சொல்கிறது.

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். பெட்ரோல் என்ஜினும் டேங்கும் இருக்கிற மூடிய பெட்டிக்குள் இந்த பம்பைப் பொருத்துகிறோம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. நேராக அடியில் போய்த் தேங்கும், பம்ப் இருக்கும் அதே இடத்தில். அங்கே ஒரு பொறி போதும். பம்ப், ஃப்ளோட் சுவிட்ச் இரண்டிலும் இக்னிஷன் புரொடெக்டட், அதாவது சுற்றியுள்ள ஆவியைப் பற்றவைக்காதபடி செய்தது, என்ற குறிப்பு இருக்க வேண்டும். அதற்கான சர்வதேசத் தரம் ஐஎஸ்ஓ 8846, அமெரிக்கத் தரம் எஸ்ஏஇ ஜே1171. மீன் தொட்டி மோட்டாரையும், கார் கண்ணாடியில் தண்ணீர் அடிக்கும் மோட்டாரையும், இருபது ரூபாய் டாகிள் சுவிட்சையும் இதற்குள் போட்டுக் கொண்டுவந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். பார்த்த உடனே பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத்தான் பேசுவேன். பெட்ரோல் போட்ட பிறகு சீட்டைத் திறந்து காற்றாட விட்டுவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஆட்டோமேட்டிக் பம்ப் இருக்கும் வண்டியில் இது இன்னும் முக்கியம். அது எப்போது ஓடும் என்பது உங்கள் கையில் இல்லை.

பொருத்துவதில் பெரிய வித்தை ஒன்றுமில்லை. வெளியேற்றும் துளை நீர்மட்டத்துக்கு நன்றாக மேலே, பம்பரை ஒட்டி இருக்கட்டும். குழாய் பம்பிலிருந்து தொய்வில்லாமல் ஏறிக்கொண்டே போக வேண்டும். நடுவில் தொங்கினால் அங்கே தண்ணீர் தேங்கி, காற்று அடைத்துக்கொள்ளும். மோட்டார் சத்தம் கேட்கும், தண்ணீர் வராது. உள்பக்கம் வழவழப்பான குழாயே நல்லது. வயர் இணைப்புகளை அடியில் விடாமல் மேலே தூக்கிக் கட்டுங்கள்.

அடியில் எண்ணெய் மிதந்தால் ஆட்டோவை ஆஃபில் வையுங்கள். பம்புக்கு எண்ணெய், தண்ணீர் வித்தியாசம் தெரியாது, அப்படியே கழிமுகத்தில் கொட்டிவிடும். எண்ணெய் உறிஞ்சும் பஞ்சுத் திண்டு ஒன்றை அடியில் போட்டுவைத்தால் பெருமளவு பிடித்துக்கொள்ளும்.

பம்ப் ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா? வண்டி டிரெய்லரில் இருக்கும்போது சீட்டைத் திறந்து, பிளக்கை மூடி, இரண்டு வாளி நல்ல தண்ணீரை உள்ளே ஊற்றுங்கள். ஆட்டோ தானே எழும்புகிறதா என்று பாருங்கள். வெளியே வருவதைப் பத்து லிட்டர் வாளியில் பிடித்து நேரம் பாருங்கள். அரை நிமிடத்தில் நிறைந்தால் நிமிடத்துக்கு 20 லிட்டர், சரி. ஒரு நிமிடத்துக்கு மேல் ஆனால் வடிகட்டிக் கூண்டைக் கழற்றுங்கள். முடியோ, பாலிதீன் துண்டோ, காய்ந்த பாசியோ சுற்றியிருக்கும்.