வேகமான விண்கப்பலும் அதை ஓட்டப்போற குட்டையான பைலட்டும்

நாலஞ்சு பேர் சேர்ந்து ஒரே உலகத்தை வச்சு சயின்ஸ் ஃபிக்‌ஷன் எழுதும்போது முதல் சண்டை கப்பலோட ஸ்பீடுலதான் ஆரம்பிக்கும். ஒருத்தர் கதையில செவ்வாய்க்குப் போக மூணு மாசம் ஆகும், இன்னொருத்தர் "என் கப்பல்தான் இருக்குறதுலயே ஃபாஸ்ட்"னு எழுதி அரை மணி நேரத்துல போய் இறங்கிடுவார், அதுக்கப்புறம் அந்த மூணு மாசக் கதையில ஆக்சிஜன் தீர்ந்து தவிக்கிறவங்களைப் பார்த்து யாருக்கு பதட்டம் வரும்?

உண்மையில விண்வெளிக் கப்பலுக்கு டாப் ஸ்பீடுன்னு ஒண்ணு கிடையாது, ஒளியோட வேகத்தை மட்டும் தாண்ட முடியாது, அவ்வளவுதான். தடுக்குறதுக்கு காத்து இல்லையே. 1977ல கிளம்புன நாசாவோட வாயேஜர் 1 விண்கலம் இன்னிக்கும் நொடிக்கு 17 கி.மீ.ல போயிட்டே இருக்கு, அதைத் தள்ளிட்டே இருக்க எந்த இன்ஜினும் ஓடல. அதனால ஸ்பீடு எவ்வளவுன்னு எழுதாதீங்க, ஸ்பீடு எவ்வளவு சீக்கிரம் ஏறுது, எவ்வளவு நேரம் ஏறிட்டே இருக்க முடியும், இந்த ரெண்டை எழுதுங்க.

உதாரணமா 1ஜி, அதாவது தரையில நிக்கும்போது நம்ம உடம்பு உணர்ற அதே அழுத்தம். செவ்வாய் ரொம்ப கிட்ட வர்றப்ப தூரம் சுமார் 5.5 கோடி கி.மீ. பாதி தூரம் 1ஜில வேகம் ஏத்தி, நடுவுல கப்பலை அப்படியே திருப்பி, மீதி பாதி பிரேக் போட்டா (சும்மா நேர்கோட்டுல கணக்கு போட்டா) 42 மணி நேரத்துல போயிடலாம். நடுவழியில வேகம் நொடிக்கு 734 கி.மீ. இன்னொண்ணு, இன்ஜின் இருக்குற பக்கம்தான் தரையா இருக்கும், அதனால உள்ள எல்லாம் விமானம் மாதிரி நீளவாக்குல இல்லாம மாடி மேல மாடியா கட்டணும். இதை மறந்துட்டு படம் வரையிறவங்கதான் ஜாஸ்தி.

கேக்க ஈஸியா இருக்குல்ல, ஆனா எரிபொருள் விடாது. 1903லயே ரஷ்ய விஞ்ஞானி சியோல்கோவ்ஸ்கி இதுக்கு சமன்பாடு எழுதிட்டார். பின்னாடி வெளியேறுற வாயுவோட வேகத்தை கப்பலும் எட்டணும்னா, கிளம்பும்போது மொத்த எடை காலிக் கப்பலைப் போல 2.7 மடங்கு இருக்கணும், ரெண்டு பங்கு வேகம் வேணும்னா 7.4 மடங்கு, மூணு பங்குக்கு 20. நல்ல ஹைட்ரஜன் இன்ஜின்ல வாயு வேகம் நொடிக்கு 4.5 கி.மீ.தான். நம்ம பயணத்துக்கு, வேகம் ஏத்துறதும் இறக்குறதும் சேர்த்து, நொடிக்கு 1468 கி.மீ. வேணும். கணக்கு போட்டா 1 போட்டு பின்னாடி 141 சைபர் போடுற அளவு மடங்கு வருது, பார்க்க முடியுற பிரபஞ்சத்துல இருக்குற அணுக்களுக்கே 80 சைபர்தான்!

சரி, இங்க ஒரு பொய் சொல்லிக்கலாம், நொடிக்கு 10,000 கி.மீ.ல வாயுவைத் தள்ளுற ஃப்யூஷன் (அணுக்களை இணைச்சு சக்தி எடுக்குற) இன்ஜின். எரிபொருள் பிரச்சனை முடிஞ்சுது, சூடு பிரச்சனை ஆரம்பிச்சுது. 1000 டன் கப்பலை 1ஜில தள்ள இந்த இன்ஜினுக்கு சுமார் 49 டெராவாட் வேணும், இது மொத்த உலகமும் செலவழிக்கிற எனர்ஜியைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. அதுல 1 சதவீதம் மட்டும் கப்பலுக்குள்ள சூடா தங்குனாலும் அதை வெளிய தள்ள 2000 கெல்வின்ல தகதகன்னு எரியுற ரேடியேட்டர் தகடு கிட்டத்தட்ட 38 ஃபுட்பால் கிரவுண்டு அளவுக்கு விரிச்சு வைக்கணும். எதிரிக்குத் தெரியாம பதுங்கிப் போறதெல்லாம் மறந்துடுங்க.

இப்ப பைலட். ஜாய்ஸ்டிக்கைப் பிடிச்சு சர்ருனு திருப்புற ஹீரோ வேண்டாம், ஏன்னா நொடிக்கு 734 கி.மீ.ல போறப்ப 3ஜில வளைஞ்சா வட்டத்தோட ஆரமே நிலா தூரத்தைப் போல 48 மடங்கு. கண்ணால பார்த்து கை அசையிற கால் நொடிக்குள்ள கப்பல் 180 கி.மீ. தாண்டிடும். இவங்க வேலை பல மணி நேரம் முன்னாடியே முடிவெடுக்கிறது. பூமியில இருந்தே ஓட்டலாமேன்னு கேட்டா, செவ்வாய்க்கு சிக்னல் போய்ச் சேரவே 3லேருந்து 22 நிமிஷம் வரைக்கும் ஆகும், அதனாலதான் உள்ள ஒரு ஆள் உக்காரணும்.

உடம்பும் கப்பலோட ஒரு பார்ட்தான். 1954ல அமெரிக்க விமானப்படை டாக்டர் ஜான் ஸ்டாப் ராக்கெட் வண்டியில 46ஜி தாங்கிட்டு உயிரோட வந்தார், கண்ணுல ரத்தக்குழாய் வெடிச்சுது, ஆனா அது ஒரு நொடி சமாச்சாரம். நிமிர்ந்து உக்கார்ந்தா ரத்தம் காலுக்கு இறங்கி 5ஜி பக்கத்துலயே நிறைய பேருக்கு கண்ணு இருட்டிடும், மல்லாக்க படுத்தா இன்னும் தாங்கும். இதயத்துக்கும் தலைக்கும் தூரம் கம்மியா இருந்தா கொஞ்சம் லாபம், அதனால என் பைலட் குட்டை. ரத்தம் தலையை விட்டு இறங்காம இருக்க காலையும் வயித்தையும் இறுக்கி மூணு நொடிக்கு ஒருதடவை குட்டியா மூச்சு விடுற பழக்கம் தூக்கத்துலயும் வரும், கூடப் படுக்கிறவங்களுக்கு எரிச்சலா இருக்கும் (இது மாதிரி ஒண்ணு போதும், பத்து பக்கம் பின்கதை தேவையில்லை).

கூட எழுதுறவங்களுக்கு கப்பலைக் கொடுக்கும்போது எது உடையும்னும் சேர்த்துக் கொடுங்க. செவ்வாய்க்குப் போற வழியில பாதியில திருப்புற நேரத்துல ரேடியேட்டர்ல பாதி கிழிஞ்சு போச்சுன்னு வைங்க, சூட்டைப் பாதிதான் வெளிய தள்ள முடியும், அதனால பிரேக் 0.5ஜிதான் கிடைக்கும், கப்பல் நொடிக்கு 519 கி.மீ.ல செவ்வாயைத் தாண்டிப் போய் இன்னொரு 2.75 கோடி கி.மீ. தள்ளித்தான் நிக்கும். போய்க் கூட்டிட்டு வர்றது யாருன்னு அடுத்து எழுதுறவர் பாத்துக்கட்டும்.