சக்கரம் தொட்டதும் காலைத் தளர்த்தாதீர்கள்

ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் வீசும் குறுக்குக் காற்றில் விமானத்தைத் தரையிறக்குவது பற்றிப் பயிற்சி விமானிகள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எத்தனை நாட் வரை இறக்கலாம்?" என்பதுதான். செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானத்தின் கையேட்டில் 15 நாட், அதாவது மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர், என்று இருக்கும். அது சோதனைப் பறத்தலில் செய்து காட்டப்பட்ட அளவு. விமானத்தின் உச்ச வரம்பும் அல்ல, மாணவருக்குக் கொடுத்த உத்தரவாதமும் அல்ல. இந்தக் குழப்பம் மாணவர்களோடு நிற்பதில்லை. 2008 மார்ச் 1 அன்று ஹாம்பர்க்கில் புயல் காற்றில் இறங்க முயன்ற ஏர்பஸ் ஏ320 ஒன்றின் இடது இறக்கை நுனி ஓடுபாதையில் உரசியது. விமானிகள் உடனே மேலெழும்பி, வேறு ஓடுபாதையில் பத்திரமாக இறக்கினார்கள். செய்து காட்டப்பட்ட அளவு என்பதை விமானிகள் ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொண்டிருப்பது அதன் பிறகு நடந்த விசாரணையில் வெளிப்பட்டது.

கணக்கு எளிதுதான். கோவையின் 23 ஓடுபாதையை எடுத்துக்கொள்வோம்; அந்த எண்ணுக்கு, ஏறத்தாழ 230 பாகைத் திசையை நோக்கியது என்று பொருள். தென்மேற்குப் பருவத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்று ஊரையே உலுக்கும். 270 பாகைத் திசையிலிருந்து 20 நாட் வேகத்தில் காற்று வந்தால், ஓடுபாதைக்கும் காற்றுக்கும் இடையே 40 பாகை. குறுக்காகத் தள்ளுவது ஏறத்தாழ 13 நாட். சமாளிக்கலாம் என்று தோன்றும். திடீரென எழும் வீச்சு 28 வரை போனால் அதுவே 18 ஆகிவிடும். கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்லும் சராசரியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு வீச்சைக் கோட்டைவிடும் மாணவர்களே அதிகம்.

மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நண்டு போல வந்து கடைசியில் நேராக்குவது ஒரு முறை. காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மூக்கை இட வலமாகத் திருப்பும் ரட்டரை எதிர்க் காலால் மிதித்து நேராக வருவது இன்னொரு முறை. முதலாவதில் தொடங்கி இரண்டாவதில் முடிப்பதையே நான் கற்றுக்கொடுக்கிறேன். எது உசத்தி என்ற சண்டையைத் தேநீர்க் கடையோடு வைத்துக்கொள்ளலாம்.

நான் அஞ்சுவது அதற்குப் பிறகு வரும் சில விநாடிகளுக்குத்தான். காற்று வலப்பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வலது சக்கரம் முதலில் தொடுகிறது, அடுத்து இடது, பிறகு மூக்குச் சக்கரம். மாணவர் பெருமூச்சு விடுகிறார். அந்த மூச்சோடு கைப்பிடி நடுவுக்கு வருகிறது, இடது கால் தளர்கிறது. வேகமோ இன்னும் 45 நாட் இருக்கும். வால் துடுப்பைக் காற்று தள்ள, மூக்கு வலப்பக்கம் திரும்புகிறது. வலது இறக்கைக்கு அடியில் காற்று புகுந்து அதைத் தூக்கப் பார்க்கிறது. பதறிப்போய் பிரேக்கை அழுத்தினால், பாரம் சரியாக இறங்காத சக்கரம் வழுக்கும். செய்ய வேண்டியது நேர்மாறானது. வேகம் குறையக் குறைய, இறக்கையைத் தாழ்த்தி உயர்த்தும் எய்லரானின் பிடிமானமும் குறையும். ஆகவே கைப்பிடியைக் காற்றுப் பக்கம் மேலும் மேலும் திருப்பிக்கொண்டே போக வேண்டும். விமானம் வேகம் தணிந்து ஓடுபாதையிலிருந்து வெளியே திரும்புவதற்குள் கைப்பிடி முழுதாகத் திரும்பியிருக்க வேண்டும். நேர்கோட்டைக் கால்கள் பார்த்துக்கொள்ளும்.

இதைப் பழக்க நான் தரும் பயிற்சி, இறங்காமல் பறப்பது. பயிற்றுநர் பக்கத்தில் இருக்க, ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் நடுக்கோட்டின் மேலேயே விமானத்தை ஓட்டி, முடிவதற்கு வெகு முன்பே மேலே எழும்பிவிட வேண்டும். இறங்கியாக வேண்டும் என்ற பதற்றம் இல்லாததால் கையும் காலும் எதிரெதிராக வேலை செய்யக் கற்றுக்கொள்கின்றன.

பயிற்சி நிலையங்களிடமும் ஒரு குறை சொல்ல வேண்டும். காற்று அடங்கிய காலை நேரத்திலேயே வகுப்புகளை அடுக்கினால் பறந்த மணி நேரம் சேரும், அனுபவம் சேராது. மாணவர்களே வாய்விட்டுக் கேளுங்கள்: "காற்று உள்ள மதியத்தில் என்னை அழைத்துப் போங்கள்" என்று.

மேலெழும்பிச் சுற்றி வருவதைக் காசு விரயம் என்று நினைப்பவர்களும் உண்டு. ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வீட்டார் கொட்டும் பணத்தை நினைத்தால் அந்த எண்ணம் வருவது இயல்புதான். வளைந்துபோன முன்சக்கரத் தாங்கியைப் பழுதுபார்க்கும் செலவை அவர்கள் ஒருமுறை விசாரிக்கலாம். வலப்பக்கக் காற்றில் இறங்கி வரும்போது இடது மிதியை முழுவதும் அழுத்தியும் மூக்கு நேராகவில்லை என்றால், அங்கே வீசுவது உங்கள் விமானத்தால் தாங்கக்கூடிய காற்று அல்ல. எஞ்சின் விசையைக் கூட்டும் த்ராட்டிலை முழுதாகத் தள்ளி மேலேறுங்கள். காற்றுக்கு நேராக அமைந்த ஓடுபாதை பக்கத்தில் எங்கே இருக்கிறது என்பதைக் கிளம்பும் முன்பே வரைபடத்தில் குறித்து வைத்திருங்கள்.