விமானந்தாங்கிக் கப்பல்: ஏர்கிராஃப்ட் கரியருக்குத் தமிழ்

மட்டக்களப்புக் கடலுக்கு அடியில கிடக்கிற பிரிட்டிஷ் கப்பல் ஹேர்மிஸ வெறும் "போர்க்கப்பல்" எண்டு எழுதுறாங்க. பிழையில்ல, ஆனா பத்தாது. அது ஏர்கிராஃப்ட் கரியர், மேல்தட்டையே ஓடுபாதையாக்கி விமானத்த ஏத்தி இறக்குற கப்பல். தமிழ்ல விமானந்தாங்கிக் கப்பல்.

கரியர் நமக்குப் புதுசில்ல, சைக்கிளுக்குப் பின்னால இருக்கிறதும் கரியர்தானே. லத்தீன்ல கர்ருஸ் எண்டா வண்டி, அதுதான் பிரெஞ்சு வழியா இங்கிலீசுக்கு வந்து சுமந்து போறது எண்டு ஆகிட்டு. தமிழ்ல தாங்குறது சுமக்கிறது மட்டுமில்ல, விழாம பிடிச்சு வச்சிருக்கிறதும்தான், சுமைதாங்கிக் கல்லு எங்கயும் போறதில்லயே. விமானம் வடசொல், கோயில் கருவறைக்கு மேல இருக்கிறதுக்கும் அதான் பேரு. வடசொல் வேணாமெண்டா வானூர்திதாங்கி, புறநானூற்றுலயே "வான ஊர்தி" இருக்கு. என்னக் கேட்டா விமானந்தாங்கியே போதும், "விமானக் கப்பல்" எண்டு மட்டும் எழுதாதீங்க, பறக்கிற கப்பலாக்கும் எண்டு நினைச்சிருவாங்க.

இந்த வேலைக்கெண்டே டிசைன் பண்ணிக் கட்டத் தொடங்கின முதல் கப்பல் ஹேர்மிஸ்தான், ஆனா ஜப்பான்ட ஹோஷோ முந்திக்கொண்டு 1922லயே கடற்படையில சேர்ந்திட்டு. ரெண்டாம் உலகப்போர், 1942 ஏப்ரல் 9, ஜப்பான்காரர் திருகோணமலைய அடிக்கப்போறாங்களெண்டு முதல் நாளே துறைமுகத்த விட்டுட்டு கரையோரமா தெற்கால வந்த ஹேர்மிஸ்ல அண்டைக்கு ஒரு விமானம்கூட இல்ல, பேரு விமானந்தாங்கி, தாங்க ஒண்டுமில்ல. ஜப்பான் விமானங்கள் மேலயிருந்து குத்திட்டு இறங்கிக் குண்டு போட, கொஞ்ச நேரத்துலயே கப்பல் தாண்டுபோச்சு, 307 பேர் செத்தாங்க, கூட வந்த ஆஸ்திரேலிய நாசகாரிக் கப்பல் வம்பயரும் போச்சு.

அடுத்த மாசமே ஆஸ்திரேலியாவுக்குப் பக்கத்துப் பவளக்கடல்ல ஜப்பான், அமெரிக்கா ரெண்டு பக்கக் கப்பலும் ஒண்டையொண்டு காணாமலே விமானத்தால அடிபட்டுது, கடல் சண்டையில அதான் முதல் தடவ. மறுகா ஜூன்ல பசிபிக் கடல்ல மிட்வே தீவுச் சண்டை, இலங்கைய அடிக்க வந்த அஞ்சு ஜப்பான் தாங்கியில அக்காகி, சோர்யு, ஹிர்யு மூண்டும் அங்கதான் போச்சு, இலங்கைக்கு வராத காகாவும் சேத்தா ஒரே சண்டையில நாலு. போர் திரும்பினது அதுலதான் எண்டு சொல்லுவாங்க. ஓடுபாதை உள்ள தீவுக்கும் "மூழ்காத விமானந்தாங்கி" எண்டு ஒரு பேர் இருக்கு, ஆகஸ்ட்ல அமெரிக்கர் பசிபிக்ல இருக்கிற குவாடல்கனால் தீவுல இறங்கினதும் ஜப்பான்காரர் அங்க கட்டிக்கொண்டிருந்த ஓடுபாதையப் பிடிக்கத்தான்.