வெளிச்சம் பட்டால்தான் மருந்து

போன கோடையில் தேன்கனிக்கோட்டைப் பக்கம் மாமா வீட்டு மாட்டுக்குத் தோல் உரிந்தது. கருப்பும் வெள்ளையுமான கலப்பின மாடு. வெள்ளைத் திட்டுகள் மட்டும் வெந்து, காய்ந்த பனையோலை மாதிரி ஓரம் சுருண்டு நின்றன. ஒட்டியிருந்த கருப்புத் தோலில் ஒரு கீறல்கூட இல்லை. வந்த கால்நடை மருத்துவர், "காட்டுல உண்ணிச்செடி மேஞ்சுதாங்க?" என்று கேட்டார். மாமா தலையாட்டியதும், "முதல்ல நிழல்ல கட்டுங்க" என்றார்.

புல் காய்ந்துபோகும் மாதங்களில் எங்கள் காட்டோரங்களில் பச்சையாக நிற்பது உண்ணிச்செடிதான். அதன் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். ஆனால் தோலைச் சுட்டது அந்த நஞ்சு அல்ல, மாடு தினமும் தின்கிற பச்சையம். பச்சையத்தின் நடுவில் ஒரு மக்னீசியம் அணு இருக்கிறது. மாட்டின் வயிற்றில் நுண்ணுயிர்கள் பச்சையத்தைச் சிதைக்கும்போது மக்னீசியம் கழன்று, பைலோஎரித்ரின் என்ற பொருள் மிஞ்சும். நல்ல கல்லீரல் அதைப் பித்தத்தோடு வெளியே தள்ளிவிடும். கெட்டுப்போன கல்லீரலால் அது முடியாது. அந்தப் பொருள் ரத்தத்தில் ஏறித் தோலுக்கு வந்துவிடும். இருட்டில் அதனால் தொல்லை இல்லை. வெயில் பட்டால்தான் சுடும். கருப்புத் தோலின் நிறமி வெயிலை மறித்துக்கொண்டது.

பொருள் உடம்பு முழுக்க ஓடுகிறது, வெளிச்சம் விழுந்த இடத்தில் மட்டும் கொல்கிறது. மாட்டுக்கு நோயாக வந்த இதையே மனிதருக்குப் புற்றுநோய் மருந்தாக்க வேதியியலாளர்கள் உழைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போதிருக்கும் உலோகம் சேர்ந்த புற்றுநோய் மருந்துகளில் புகழ்பெற்றது சிஸ்பிளாட்டின். பிளாட்டினம் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் 1978-ல் அனுமதி பெற்றது. செல்லின் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்டு, செல் பெருகவிடாமல் தடுக்கும். எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது. ஆனால் நல்ல செல், கெட்ட செல் என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. சிறுநீரகம், காது, நரம்பு எல்லாம் அடி வாங்கும். கீமோ போட்டுக்கொண்டு பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி பஸ்ஸில் திரும்புகிறவர்கள், வாந்தி வந்தால் பிடிக்க மடியில் பிளாஸ்டிக் கவரோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். மருந்துக்கு ஒரு சுவிட்ச் இருந்தால் எப்படி இருக்கும் என்று அப்போதெல்லாம் தோன்றும்.

அந்த சுவிட்சைக் கனமான உலோகம் தருகிறது. ஒளியை உறிஞ்சிய மூலக்கூறில் ஓர் எலக்ட்ரான் மேலே ஏறும். வழக்கமாக, நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள் இறங்கிவிடும். ருத்தேனியம், பல்லேடியம் போன்ற கனமான அணு அருகில் இருந்தால் அந்த எலக்ட்ரானின் தற்சுழற்சி எளிதில் புரண்டுவிடும். புரண்டது மறுபடி புரளாமல் பழைய இடத்துக்கு இறங்க முடியாது. அதனால் ஆயிரம் மடங்கு கூடுதல் நேரம் மேலேயே மாட்டிக்கொள்ளும். அதற்குள் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறு வந்து மோதி அந்த ஆற்றலை வாங்கிக்கொள்ளும். அப்புறம் அந்த ஆக்சிஜன் சும்மா இருக்காது: கொழுப்பு, புரதம், டிஎன்ஏ என்று கைக்கு எட்டியதைத் தாக்கும். அதன் ஆயுள் மிகக் குறைவு; ஒரு செல்லின் அகலத்தைக்கூடத் தாண்டாது. பக்கத்து வீட்டுக்குத் தீ பரவாமல் இருப்பது இதனால்தான்.

மாட்டைச் சுட்ட பச்சையத்தின் உறவுக்காரப் பொருள் ஒன்று ஏற்கெனவே மருந்தாகியிருக்கிறது. ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியாவின் பச்சையத்திலிருந்து மக்னீசியத்தைக் கழற்றி, அங்கே பல்லேடியத்தை உட்காரவைத்து உருவாக்கியது பேடெலிபோர்பின். ஆரம்பநிலை புரோஸ்டேட் புற்றுநோய்க்கு ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் இதை அனுமதித்தது. மருந்தை நரம்பில் ஏற்றி, மெல்லிய ஒளியிழைகளைச் சுரப்பிக்குள் செருகி, 753 நானோமீட்டர் லேசரைப் பாய்ச்சுவார்கள்.

753 நானோமீட்டர் என்பது சிவப்பின் கடைசி ஓரத்து ஒளி. ஏன் அது? ராத்திரி கரண்ட் போனதும் செல்போன் டார்ச்சை உள்ளங்கைக்கு அடியில் வைத்துப் பாருங்கள். விளக்கு வெள்ளை, ஆனால் விரல் இடுக்குகள் செக்கச்செவேலென்று ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் ரத்தம் விழுங்கிவிட்டது. சிவப்பு மட்டும் சதையைத் தாண்டி வந்தது. அதுவும் கூட உடம்புக்குள் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் உருப்படியாகப் போகும்.

சில இடங்களில் ஆழம் போகாததே நல்லது. சிறுநீர்ப்பையின் உட்படலத்தில் மெல்லியதாகப் படரும் புற்றுக்கு, வேதியியலாளர் ஷெர்ரி மெக்பார்லாண்ட் குழு உருவாக்கிய டிஎல்டி-1433 என்ற ருத்தேனிய மருந்து மனிதச் சோதனைக்கு வந்திருக்கிறது. குழாய் வழியாக மருந்தைப் பைக்குள் விட்டு, கழுவி எடுத்து, பச்சை ஒளி பாய்ச்சுகிறார்கள். பச்சை ஒளி மேற்படலத்தோடு நின்றுவிடும். அடியில் இருக்கும் தசை தப்பிக்கும்.

சரி, கட்டிக்குள் ஆக்சிஜனே குறைவாக இருந்தால்? பெரிய கட்டிகளின் நடுவில் அப்படித்தான் இருக்கிறது. அதற்கு வேதியியலாளர் பீட்டர் சாட்லர் குழு வேறு வழி கண்டது: இருட்டில் செயலற்றுக் கிடந்து, ஒளி பட்டதும் நைட்ரஜனை உதறிவிட்டு டிஎன்ஏவைப் பிடிக்கும் பிளாட்டினச் சேர்மம். இது ஆக்சிஜனுக்காகக் காத்திருப்பதில்லை. ஓசூரைத் தாண்டினால் வரும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் அகில் சக்ரவர்த்தி குழு இரும்பு, வனேடியம், தாமிரம் போன்ற எளிய உலோகங்களை வைத்தே இத்தகைய சேர்மங்களைச் செய்து செல்களில் சோதித்திருக்கிறது. எனக்கு அதிக நம்பிக்கை தருவது இந்த வேலைதான். இவை எதுவும் இன்று மருத்துவர் எழுதித் தரும் சிகிச்சைக்கு மாற்று அல்ல. அதை யாரும் தள்ளிப்போட வேண்டாம்.

மாட்டுக்குச் சொன்ன பத்தியம் மனிதருக்கும் உண்டு. போட்டோபிரின் என்ற பழைய ஒளிமருந்து தோலிலேயே தங்கிவிடும் என்பதால் குறைந்தது 30 நாள் வெயிலில் தலைகாட்டக் கூடாது. பேடெலிபோர்பின் சில மணி நேரத்தில் ரத்தத்தை விட்டுப் போய்விடுகிறது. இரண்டு நாள் நிழலில் இருந்தால் போதும்.