குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டம்: இலக்கில் தொடங்கி ஒப்புதல் வரை

குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக ஏற்று நடத்திய முதல் நாடு இந்தியா. 1952இல், முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 65 லட்சம் ரூபாய் ஒதுக்கீட்டுடன் இது தொடங்கப்பட்டது. மருத்துவமனைக்குத் தேடி வருவோருக்கு ஆலோசனை கூறுவதே ஆரம்ப காலத்தில் முக்கியப் பணியாக இருந்தது. 1966இல் மத்திய அரசில் தனித் துறை உருவானது; 1968இல் ‘நிரோத்’ ஆணுறை விற்பனைக்கு வந்தது; தலைகீழான சிவப்பு முக்கோணமும் ‘நாம் இருவர், நமக்கு இருவர்’ என்ற வாசகமும் ஊர்ச் சுவர்களை நிறைத்தன.

சிக்கல் ஊக்கத்தொகையோடு வந்தது. கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் முறையை 1950களிலேயே கொண்டுவந்த மாநிலங்களில் சென்னை மாநிலமும் ஒன்று. பின்னர் ஆள் சேர்த்துக் கொண்டுவருபவருக்கும் தொகை கிடைத்தது. 1971 ஜூலையில் எர்ணாகுளத்தில் நடந்த ஒரே முகாமில் 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை அறுவைச் சிகிச்சை) செய்துகொண்டனர். அன்று அது சாதனையாகக் கொண்டாடப்பட்டது. ஆனால், எண்ணிக்கையே வெற்றியின் அளவுகோல் ஆகிவிட்டபின், அதைக் காட்டவேண்டிய கடைநிலை ஊழியர் என்ன செய்வார் என்பதை நெருக்கடி நிலைக் காலம் காட்டியது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. அவற்றில் பெரும்பகுதி ஆண்களுக்குச் செய்யப்பட்டவை. பல இடங்களில் இலக்கை எட்டாத அரசு ஊழியர்களின் சம்பளம் நிறுத்தப்பட்டது. ஹரியாணாவின் உட்டாவர் கிராமத்தைக் காவல்துறை சூழ்ந்து ஆண்களைப் பிடித்துச் சென்றது.

1977இல் ஆட்சி மாறியபின் திட்டத்தின் பெயர் ‘குடும்ப நலம்’ ஆனது. ஆண்கள் விலகிக்கொள்ள, சுமை முழுவதும் பெண்களின்மேல் விழுந்தது. அது இன்றுவரை இறங்கவில்லை. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். வாசக்டமியின் பங்கு 0.3 சதவீதம் மட்டுமே.

1996 ஏப்ரலில் மத்திய அரசு இலக்கு முறையைக் கைவிட்டது. இருந்தும் முகாம்கள் தொடர்ந்தன. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூரில் முகாமில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட பெண்கள் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். 2016இல் உச்ச நீதிமன்றம், மூன்று ஆண்டுகளுக்குள் முகாம் முறையை முடிவுக்குக் கொண்டுவருமாறு உத்தரவிட்டது.

இன்றைய விதிகளில் இந்த வரலாற்றின் தடம் தெரிகிறது. அறுவைச் சிகிச்சைக்கு விண்ணப்பிப்பவரின் ஒப்புதல் அவருக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமாகப் பெறப்பட வேண்டும். கணவன் அல்லது மனைவியின் சம்மதம் தேவையில்லை. அரசு மருத்துவமனைகளில் கருப்பையில் பொருத்தும் காப்பர்-டி, கருத்தடை மாத்திரை, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை போடும் ‘அந்தரா’ ஊசி ஆகியவை இலவசம். அறுவைச் சிகிச்சை தோல்வியுற்றாலோ, சிக்கலோ மரணமோ நேர்ந்தாலோ அரசின் இழப்பீட்டுத் திட்டத்தின்கீழ் தொகை கோரலாம். வாசக்டமி செய்துகொண்டவர் முதல் மூன்று மாதங்களுக்கு வேறு கருத்தடை முறையைக் கையாள வேண்டும். அதன்பின் விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என உறுதியானால்தான் சான்றிதழ் தரப்படும். பின்னாளில் இழப்பீடு கோர நேர்ந்தால் அந்தச் சான்றிதழைத்தான் முதலில் கேட்பார்கள்.