பாட்டு யாருக்கு மருந்து?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் கோட்டை மாரியம்மன் தொடங்கி, குகை, செவ்வாய்ப்பேட்டை, அம்மாப்பேட்டை என்று எல்லா இடங்களிலும் பண்டிகைதான். முகூர்த்தமே இல்லாத அந்த மாதத்தில் மெல்லிசைக் குழுக்களின் வீட்டில் அடுப்பெரிவது அம்மன் கோயில் மேடைகளால்தான். பண்டிகை ஓய்ந்ததும் அவர்களில் சிலர் மனநல மருத்துவரான என்னிடம் வருவதும் வழக்கமாகிவிட்டது. இம்முறை கீபோர்டு வாசிக்கும் ஒருவரை அழைத்து வந்த அவருடைய அண்ணன், "பாட்டே மருந்துதானே டாக்டர், இவனுக்கு எதுக்கு டென்ஷன்?" என்று கேட்டார். இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

பாட்டு மருந்துதான், கேட்பவருக்கு. வாசிப்பவருக்கு அது பிழைப்பு. கேட்பவர் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம். மேடையில் இருப்பவரோ காய்ச்சலோடு வந்திருந்தாலும், வீட்டில் துக்கம் நடந்திருந்தாலும், குத்துப்பாட்டு கேட்டுத் துண்டுச்சீட்டு வந்தால் சிரித்தபடியே வாசித்தாக வேண்டும். மார்கழியில் வருமானம் இல்லை, பேசிய பணத்தில் பாதி விழாக்குழுவிடம் நிற்கிறது, பத்துப் பேர் வாசித்த இடத்தில் இப்போது பதிவு செய்த இசை ட்ராக்கைப் போட்டு இரண்டு பேரே பாடி முடித்துவிடுகிறார்கள். ஏற்காடு கோடை விழாவில் வாசித்துவிட்டு, 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இரவோடு இரவாக இறங்கி, விடிந்ததும் வேறு ஊரில் முகூர்த்தத்துக்கு நிற்பவரிடம் 'பிடித்த வேலைதானே' என்று சொல்பவர்கள், பிடித்த வேலை என்பதாலேயே அவருக்கு 'முடியாது' என்று சொல்ல வாய் வருவதில்லை என்பதையும் யோசிக்க வேண்டும்.

மேடையேறும் முன் கை நடுங்குகிறது, ஒரு கட்டிங் போட்டால் நின்றுவிடுகிறது, ஆகவே இது மேடைப் பயம் என்பது அந்தக் கீபோர்டு கலைஞரின் கணக்கு. கைகளை நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை வைத்தேன். தாள் படபடவென்று ஆடியது. அப்போது காலை நேரம், அறையில் மேடையும் இல்லை, மைக்கும் இல்லை. தினமும் குடித்துப் பழகிய உடம்பு அடுத்த வேளைச் சரக்கைக் கேட்கும் நடுக்கம் அது. குடித்தால் அது நிற்பது குணமானதால் அன்று, கேட்டது கிடைத்துவிட்டதால்.

குழுவுக்குள் கைமாறும் மாத்திரைகளைத் தயவுசெய்து தொடாதீர்கள். படபடப்புக்கான ப்ராப்ரனலாலை ஆஸ்துமா உள்ளவர் விழுங்கினால் மூச்சுக்குழாய் சுருங்கிவிடும். தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். (சீட்டில்லாமல் கொடுக்கும் மருந்துக்கடைக்காரர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.) தினமும் குடிப்பவரை 'நாளையிலிருந்து தொடக்கூடாது' என்று அறையில் வைத்துப் பூட்டும் வீட்டாரே, திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், புத்தி தடுமாறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம், மருத்துவர் கண்காணிப்பில்தான் நிறுத்த வேண்டும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் வரத் தயங்குபவர்கள் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு இரவிலும் அழைக்கலாம், கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

குழுத் தலைவர்கள் இரவுக் கச்சேரிக்கும் மறுநாள் காலை முகூர்த்தத்துக்கும் ஒரே ஆளைப் போடாதீர்கள். விழாக்குழுவினர் பேசிய பணத்தை அன்றிரவே முழுதாகக் கொடுத்துவிடுங்கள். அன்பளிப்பு என்று மேடைக்குப் பின்னால் பாட்டில் அனுப்புவதை விட்டு, நேரத்துக்குச் சாப்பாடு போடுங்கள்.