ஏகேஎம் வானத்தைப் பார்ப்பது ஏன்? கைரோ அதை இறக்குவது எப்படி?

“எம்416-ஐ விட ஏகேஎம்முக்கு டேமேஜ் அதிகம். ஆனால் நான் ஏகேஎம் எடுத்தால் மூன்றாவது குண்டுக்குப் பிறகு எல்லாம் வானத்துக்குப் போகிறது. அதே துப்பாக்கியை என் நண்பன் கைரோ போட்டு நேராக அடிக்கிறான். கைரோ அப்படி என்னதான் செய்கிறது?” பிஜிஎம்ஐ என்ற மொபைல் துப்பாக்கிச் சண்டை விளையாட்டை ஆடும் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். எம்416, ஏகேஎம் இரண்டும் அதில் வரும் துப்பாக்கிகள்; கைரோ என்பது போன் திரும்புவதை உணரும் சென்சார்.

முதலில் டேமேஜ் கணக்கை முடித்துவிடுவோம். எதிரிக்கு முழு உயிர் 100. அவர் லெவல் 2 வெஸ்ட் (மார்புக் கவசம்) போட்டிருந்தால் மார்பில் விழும் அடியில் 40 சதவீதத்தை அது தாங்கிக்கொள்ளும். எம்416-இன் ஒரு குண்டு ஏறத்தாழ 41. வெஸ்ட் போக 24.6. நான்கு குண்டு பட்டால் 98.4. ஒன்றரைப் புள்ளி உயிரோடு ஆள் தப்பிவிடுகிறார், ஐந்தாவது தேவை. ஏகேஎம்மின் 47, வெஸ்ட் போக 28.2. நான்கே போதும். எம்416 குண்டுக்குக் குண்டு 0.086 வினாடி எடுத்துக்கொள்ளும், ஏகேஎம் 0.1 வினாடி. முதல் குண்டு பட்டதிலிருந்து எண்ணினால் எம்416-க்கு 0.34 வினாடி, ஏகேஎம்முக்கு 0.30. அப்டேட்டுக்கு அப்டேட் இந்த எண்கள் கொஞ்சம் ஏறி இறங்கும், ஆனால் படம் மாறாது. ஏகேஎம் தரும் லாபம் 0.04 வினாடி. ஒரே ஒரு குண்டு தவறினால் 0.1 வினாடி போச்சு. ஆக, டேமேஜ் பட்டியலை மனப்பாடம் செய்வதை விட, நான்கு குண்டையும் ஒரே இடத்தில் போட முடியுமா என்று பார்ப்பதுதான் துப்பாக்கி தேர்வு.

நிஜத் துப்பாக்கி உதைப்பதற்குக் காரணம் நியூட்டனின் மூன்றாம் விதி. ஏகேஎம்மின் குண்டு சுமார் 8 கிராம், நொடிக்கு 715 மீட்டர் வேகம், எம்416-இன் 5.56 குண்டு சுமார் 4 கிராம், நொடிக்கு 900 மீட்டரை ஒட்டிய வேகம். பெருக்கிப் பார்த்தால் யார் அதிகம் உதைப்பார் என்று தெரிந்துவிடும். குழாய் தோளுக்குச் சற்று மேலே இருப்பதால் அந்த உதை பின்னால் தள்ளுவதோடு நிற்காமல் முனையை மேலே தூக்குகிறது.

விளையாட்டுக்குள் குழாயும் தோளும் கிடையாது. ஒவ்வொரு குண்டுக்கும் உங்கள் பார்வைக் கோணத்தில் ஓர் எண் கூட்டப்படுகிறது, அவ்வளவுதான். மேல்நோக்கிய பங்கு ஏறக்குறைய சீரானது; அதைக் கையால் ஈடுகட்டலாம். பக்கவாட்டுப் பங்கு குண்டுக்குக் குண்டு மாறும். அதை முன்கூட்டி ஊகிக்க யாராலும் முடியாது. அதைக் குறைக்க அட்டாச்மென்ட் (துப்பாக்கியில் மாட்டும் துணைப்பாகம்) வேண்டும், அல்லது உட்கார்ந்தோ படுத்தோ சுட வேண்டும். குழாய் முனையில் மாட்டும் கம்பென்சேட்டர் இரண்டு பங்கையும் குறைக்கும். வெர்டிகல் கிரிப் மேல்நோக்கியதை மட்டும், ஆங்கிள்டு கிரிப் பக்கவாட்டை மட்டும். சப்ரஸர் சத்தத்தைத்தான் குறைக்கும், ரீகாயில் எனும் உதையை அல்ல. எம்416-இல் ஸ்கோப், முனை, கிரிப், மேகஸின், ஸ்டாக் என ஐந்துக்கும் இடம் உண்டு. ஏகேஎம்மில் கிரிப்பும் ஸ்டாக்கும் மாட்டவே முடியாது. மீதி வேலை முழுக்க உங்கள் கையில்.

அந்த வேலை எவ்வளவு நுணுக்கமானது? 100 மீட்டர் தூரத்தில் குறி ஒரே ஒரு பாகை ஏறினால் குண்டு 1.75 மீட்டர் உயரே போகும். மார்பைக் குறி வைத்தவரின் குண்டு தலைக்கு மேலே பறந்துவிடும். இந்தப் பாகையைக் கட்டைவிரலால் கண்ணாடியில் இழுத்துத் திருத்துவது கடினம். அதே விரல் ஓடும் எதிரியைப் பக்கவாட்டிலும் துரத்த வேண்டும், வியர்வையில் வழுக்கும், திரையின் விளிம்பு வந்தால் எடுத்து மறுபடி வைக்க வேண்டும். கைரோ இந்தச் சுமையை விரலிடமிருந்து மணிக்கட்டுக்கு மாற்றுகிறது. போனின் மேல் விளிம்பை உங்களிடமிருந்து விலகும்படி மெல்லச் சாய்த்தால் குறி இறங்கும்.

சாய்த்தது போனுக்கு எப்படித் தெரிகிறது என்பதுதான் இதில் அழகான இடம்.

போனுக்குள் சில மில்லிமீட்டர் அகலமுள்ள சிப் ஒன்றில், சிலிக்கானில் செதுக்கிய நுண்ணிய எடை ஒன்று மெல்லிய சிலிக்கான் வில்களில் தொங்குகிறது. அதை மின்விசை இடைவிடாமல் இடமும் வலமும் ஆட்டுகிறது, நொடிக்குச் சுமார் 25,000 முறை. நம் காது கேட்கும் எல்லைக்கு மேலே இருப்பதால் சத்தம் தெரியாது. ஒவ்வொரு ஆட்டத்திலும் எடை நகர்வது சில மைக்ரோமீட்டர்தான். ஆனால் நொடிக்கு 25,000 முறை என்பதால் அதன் உச்ச வேகம் நொடிக்கு முக்கால் மீட்டரை எட்டிவிடும்.

இப்போது போனைத் திருப்புங்கள். ஓடிக்கொண்டிருக்கும் பொருள் தன் திசையிலேயே போகப் பார்க்கும். அதைத் தாங்கும் சட்டம் மட்டும் திரும்பிவிட்டது. சட்டத்திலிருந்து பார்த்தால், எடையை யாரோ அது ஓடும் திசைக்குச் செங்குத்தாக வேறு பக்கம் தள்ளுவதுபோல் தெரியும். புயல்களைச் சுழலவைக்கும் அதே கொரியாலிஸ் விளைவு. தள்ளலின் முடுக்கம், வேகத்தையும் சுழலும் வீதத்தையும் பெருக்கி இரண்டால் பெருக்கினால் வரும். நொடிக்கு 10 பாகை திருப்பினால் நொடி வர்க்கத்துக்கு 0.27 மீட்டர், புவியீர்ப்பில் ஏறத்தாழ 36-இல் ஒரு பங்கு. வில்லின் விறைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் எடை விலகும் தூரம் ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவில் வரும். அணு ஒன்றின் விட்டத்துக்கு மேல் இல்லை! எடையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் போன்ற தகடுகள் இருக்கின்றன. எடை நகர்ந்தால் அவற்றின் மின்தேக்குத்திறன் துளியளவு மாறும். அந்த மாற்றத்தைத்தான் சிப் படிக்கிறது. நீங்கள் ஏகேஎம்மை இறக்கும் ஒவ்வொரு முறையும் உங்கள் கைக்குள் அணு அகல அளவீடு ஒன்று நடக்கிறது.

அப்படியானால் கை நடுங்கினாலோ பேருந்து குலுங்கினாலோ எல்லாம் குழம்பிவிடாதா? அதற்கும் வழி இருக்கிறது. இசைக்கவையின் இரு புயங்களைப் போல இரண்டு எடைகளை எதிரெதிராக ஆட்டுகிறார்கள். குலுக்கல் இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும், கழித்தால் பூஜ்யம். சுழற்சி மட்டும் இரண்டையும் எதிரெதிர்ப் பக்கம் தள்ளும், கழித்தால் இரட்டிப்பாகும். அதனால் பேருந்தின் பள்ளம் மேடு குறியைப் பெரிதாகக் கெடுக்காது. ஆனால் பேருந்து வளைவில் திரும்பினால் உங்கள் ஸ்கோப்பும் சேர்ந்து திரும்பும். கைரோவைப் பொறுத்தவரை போன் உண்மையாகவே திரும்பிவிட்டது. பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதையும் அது கொள்கையளவில் உணரும். போன் சிப்பின் இரைச்சலில் அது மூழ்கிப்போகிறது.

இந்த வடிவமைப்பைப் பொறியாளர்களுக்கு முன்பே கண்டுபிடித்தது ஈ. ஈக்கும் கொசுவுக்கும் இரண்டே இறக்கைதான். பின்னிறக்கைகள் இருக்க வேண்டிய இடத்தில் குமிழ் முனையுள்ள இரண்டு குச்சிகள் இருக்கும்; பறக்கும்போது இறக்கையின் வேகத்திலேயே அவையும் அடிக்கும். உடல் திரும்பினால் கொரியாலிஸ் விசை குமிழைப் பக்கவாட்டில் வளைக்கும், அடிப்பகுதியிலுள்ள உணர்விகள் அதைப் பிடிக்கும். இதை பிரிட்டிஷ் விலங்கியலாளர் பிரிங்கிள் 1948-இல் விரிவாக விளக்கினார். இறக்கையும் குமிழும் தாளம் தப்பாமல் அடிப்பது எப்படி என்று பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் (என்சிபிஎஸ்) சஞ்சய் சானேயின் குழு ஆராய்ந்து, நெஞ்சுக்கூட்டின் இயந்திர இணைப்பே காரணம் என்று காட்டியது. ‘ஈயின் குச்சியை ஆராய அரசுப் பணமா’ என்று கேட்பவர்கள் நம்மிடையே நிறைய. என் கருத்து, கேட்க வேண்டிய கேள்வி வேறு: கோடிக்கணக்கான போன்களைப் பொருத்தி அனுப்பும் நாட்டில் இந்தச் சிப்பை வடிவமைப்பவர்கள் ஏன் இவ்வளவு குறைவு?

சரி, அமைப்புக்கு வருவோம். செட்டிங்ஸில் கைரோவுக்கு இரண்டு வகை உண்டு: ஸ்கோப் திறந்தால் மட்டும், எப்போதும். புதியவர்கள் முதலாவதில் தொடங்குவது நல்லது. கைரோ சென்சிடிவிட்டியை (போனைச் சாய்த்தால் குறி எவ்வளவு நகரும் என்பதை) ரெட் டாட், 3எக்ஸ், 6எக்ஸ் ஸ்கோப்களுக்கு முறையே 300, 200, 100 சதவீதம் என்று வைத்துக்கொண்டு டிரெயினிங் கிரவுண்டில் சுவர் ஒன்றிலிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள். அட்டாச்மென்ட் எதுவும் இல்லாத எம்416-இல், திரையை இழுக்காமல் மணிக்கட்டால் மட்டும் 30 குண்டையும் தீருங்கள். தடங்கள் மேல்நோக்கி நீண்டிருந்தால் 20 சதவீதம் கூட்டுங்கள். முதல் குண்டுக்குக் கீழே இறங்கியிருந்தால் குறையுங்கள். அலைபோல ஏறி இறங்கியிருந்தால் சென்சிடிவிட்டி அதிகம், அல்லது ஃபிரேம் ரேட் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழுகிறது. எம்416-இன் இரண்டு குண்டுகளுக்கு இடையே 60 ஃபிரேமில் ஐந்து படங்கள் கிடைக்கும். போன் சூடாகி 30-க்கு இறங்கினால் இரண்டரைதான். கை திருத்துவது கண்ணுக்குத் தாமதமாகத் தெரியும், நீங்கள் மிகையாகத் திருத்துவீர்கள். பக்கவாட்டில் மட்டும் சிதறியிருந்தால் சென்சிடிவிட்டியைத் தொடவே வேண்டாம், ஆங்கிள்டு கிரிப்பைத் தேடுங்கள்.

போனை அசைக்காமலே குறி மெல்ல நகர்கிறதா? வெப்பத்தால் சிப்பின் பூஜ்யப் புள்ளி விலகியிருக்கும். போனை மேசையில் வைத்துச் சில வினாடி அசையாமல் விடுங்கள். அசைவில்லாத நேரத்தில்தான் மென்பொருள் அந்தப் பிழையை மதிப்பிட்டுக் கழிக்கிறது.

யூடியூபில் விற்கும் ‘ஜீரோ ரீகாயில் கோட்’ பற்றி ஒரு வார்த்தை. வேறொருவரின் சிப், வேறொருவரின் ஃபிரேம் ரேட், வேறொருவரின் மணிக்கட்டு ஆகியவற்றுக்குப் பொருந்திய எண்கள் அவை. அதைக் காசு கொடுத்து வாங்குவது கையில் தாயத்து கட்டிக்கொள்வதைப் போலத்தான்.

சில விலை குறைந்த போன்களில் கைரோ சிப்பே இருக்காது. முடுக்கமானியையும் காந்தமானியையும் வைத்து மென்பொருள் சுழற்சியை ஊகித்துச் சொல்லும். அது தாமதமாகவும் நடுக்கத்தோடும் வரும், காந்தம் வைத்து ஒட்டும் கூலரை மாட்டினால் இன்னும் கெடும். சென்சார் பட்டியல் காட்டும் செயலி ஒன்றைப் போட்டுப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அப்படிப்பட்ட போனில் ஏகேஎம் ஸ்ப்ரேயை (விடாமல் தொடர்ந்து சுடுவதை) விட்டுவிடுங்கள். கிட்டத்தில் உதை குறைந்த யுஎம்பி45, தூரத்தில் ஒவ்வொரு குண்டாகத் தட்டிச் சுட மினி14. ஏகேஎம்தான் கிடைத்தது என்றால் கம்பென்சேட்டர் மாட்டி, உட்கார்ந்து, 50 மீட்டருக்குள் மூன்று மூன்று குண்டாக விட்டு விட்டு அடியுங்கள். இடைவெளியில் குறி தானாகவே இறங்கி வரும்.